கணினி விளம்பரங்களில் பிராசஸரின் முழு எண் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளம்பரம் என்றால் 'ஐ5 பிராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி' என்று ஒரு வரி இருக்கும், கீழே விலை இருக்கும். இந்த ஒரு வரியை வைத்து யாராலும் ஒரு கணினியை மதிப்பிட முடியாது. ஐ5 என்ற பெயரை இன்டெல் 2009 முதல் பயன்படுத்தி வருகிறது. 2011-இல் வந்த ஐ5-2400-உம் ஐ5தான், 2022-இல் வந்த ஐ5-12400-உம் ஐ5தான். முன்னதில் நான்கு கோர் (கணக்குப் போடும் தனிப் பகுதி), நான்கு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைச் சரடு). பின்னதில் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். அதன் ஒவ்வொரு கோரும் பழைய கோரைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக வேலை செய்யும். பழையதை விண்டோஸ் 11-க்கு உரியதாக மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பிள்ளையின் படிப்புக்கோ சிறு தொழிலுக்கோ அளவான பணத்தை ஒதுக்கிக் கணினி வாங்குகிறவர்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்.

ஆகவே, கணினி விளம்பரங்களைப் பெறும்போது பிராசஸரின் முழு எண், மதர்போர்டின் சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்), ராம் எத்தனை ஸ்டிக் (தனித் துண்டு) ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கி அச்சிடும்படி தங்களை வேண்டுகிறேன். 'கோர் ஐ3-12100, எச்610 போர்டு, ராம் 8 ஜிபி இரண்டு' என்று போடுவதால் இடம் பெரிதாகக் கூடிவிடாது. இந்த மூன்றும் தெரிந்தால் என்னென்ன புரியும் என்பதை வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எண். ஐ5-12400எஃப் என்பதில் '12' தலைமுறை. அடுத்த '400' அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். கடைசி எழுத்து அதன் தன்மையைச் சொல்கிறது. எஃப் என்றால் உள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) கிடையாது. கே என்றால் வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம். டி என்றால் குறைந்த மின்சாரத்தில், குறைந்த வேகத்தில் ஓடுவது. இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் மேசைக் கணினி பிராசஸர்களில் ஜி என்று முடிந்தால் ஓரளவு வலுவான கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது என்று பொருள்.

தலைமுறை எண் பெரிதாக இருப்பதாலேயே அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஐ3-12100, ஐ3-13100, ஐ3-14100 மூன்றிலும் நான்கு கோர், எட்டு திரெட்தான். உச்ச வேகம் மட்டும் முறையே 4.3, 4.5, 4.7 கிகாஹெர்ட்ஸ். அன்றாடப் பயன்பாட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மூன்றில் எது மலிவோ அதை வாங்கலாம்.

எதிர்மாறான பொறியும் உண்டு. ஏஎம்டியின் ரைசன் 5 5500, ரைசன் 5 5600 இரண்டும் எண்ணில் நெருங்கியவை; இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். ஆனால் 5600-இல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) 32 எம்பி, 5500-இல் 16 எம்பி. 5600 பிசிஐஇ 4.0 (கிராபிக்ஸ் கார்டு முதலியவற்றை இணைக்கும் தடம்) தரும், 5500 தருவது முந்தைய 3.0. காரணம், 5500 என்பது 5600ஜி-யின் கிராபிக்ஸ் பகுதியை அணைத்துவிட்டு விற்கும் சிப். விளையாட்டுகளில் கேஷ் குறைவு நேரடியாகத் தெரியும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நான்கு லேன் (அந்தத் தடத்தின் இழை) மட்டுமே கொண்ட கிராபிக்ஸ் கார்டைப் போட்டால் பிசிஐஇ 3.0-இல் இன்னும் மோசமாகத் திணறும். 5500-ஐயும் 5600-ஐயும் 'ரைசன் 5' என்று ஒரே பெயரில் விற்றால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

மடிக்கணினியில் நிலைமை இன்னும் சிக்கல். ரைசன் 5 7520யு என்பது நான்கு கோர். 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. ரைசன் 5 7530யு என்பது ஆறு கோர், ஜென் 3. எண்ணில் பத்துதான் வித்தியாசம். ஏஎம்டியின் 7000 வரிசை மடிக்கணினிச் சிப்களில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. முதல் இலக்கம் வெளியான ஆண்டுத் தொகுப்பைச் சொல்கிறதே தவிர வடிவமைப்பைச் சொல்லவில்லை.

கிகாஹெர்ட்ஸை வைத்து ஒப்பிடுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2004-லேயே பெண்டியம் 4 ஒன்று 3.8 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. ஐ3-12100-இன் அடிப்படை வேகம் 3.3. ஆனாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, ஏனென்றால் ஒரு துடிப்பில் (கிகாஹெர்ட்ஸ் எண்ணுவது இந்தத் துடிப்பைத்தான்) எவ்வளவு வேலை முடிகிறது என்பது வடிவமைப்புக்கு வடிவமைப்பு மாறும். ஒரே வடிவமைப்புக்குள் ஒப்பிடும்போது மட்டும் கிகாஹெர்ட்ஸுக்கு மதிப்பு உண்டு. '2014-இல் வந்த ஐ7-4790 கிடைக்கிறது, ஐ7 ஆயிற்றே' என்று யாராவது சொன்னால், அதிலும் ஐ3-12100-இலும் கோர், திரெட் எண்ணிக்கை ஒன்றுதான் என்பதையும், தனிக் கோரின் வேகத்தில் இந்த ஐ3 ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முன்னே நிற்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்தது, நமக்கு எவ்வளவு தேவை? இதற்கு விடை இப்போது பயன்படுத்தும் கணினியிலேயே இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வேலையில் கணினி உங்களைக் காக்க வைக்கிறதோ அந்த வேலையைச் செய்யுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் குற்றம் பிராசஸருடையது அல்ல. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே போதும், புதிய கணினிகூடத் தேவைப்படாமல் போகலாம். ராம் நிரம்பி வழிந்தால் ராம் சேர்க்க வேண்டும். பிராசஸர் வரைபடத்தை மட்டும் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். எட்டு திரெட் உள்ள பிராசஸரில் ஒரே ஒரு திரெட் முழு மூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கில் 12, 13 சதவீதம்தான் காட்டும். 'பிராசஸர் சும்மாதானே இருக்கிறது' என்று தோன்றும். வரைபடத்தின்மேல் வலது கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசஸர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றினால் உண்மை தெரியும். ஒன்றிரண்டு மட்டும் உச்சியைத் தொட்டு மற்றவை தரையில் கிடந்தால் உங்களுக்கு வேண்டியது வேகமான கோர். அதிகக் கோர் வாங்கிப் பயனில்லை. பெரிய கணக்கு விரிதாள்களும் பல பழைய மென்பொருள்களும் இப்படித்தான் நடந்துகொள்ளும். எல்லாமே உச்சியில் நின்றால் மட்டும் கோர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

எழுத்து வேலை, இணைய வகுப்பு, அலுவலகக் கணக்கு இவற்றுக்கு நான்கு கோர் ஐ3-12100 தாராளம். அதற்கும் கீழே, இன்டெல் என்100 போன்ற சிறிய சிப்கள் மினி கணினிகளில் வருகின்றன: நான்கு சிறு கோர், 6 வாட், ஒரே ஒரு மெமரி சேனல் (ராமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதை). வீடியோ பார்க்கவும் கடிதம் அடிக்கவும் நன்றாகவே உதவும், மின்சாரமும் மிச்சம். ஆனால் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த சிப். நாளை வேகம் போதவில்லை என்றால் மாற்ற வழியில்லை. நிரல் எழுதுகிறவர், ஒரே நேரத்தில் நாற்பது ஐம்பது டேப் திறந்து வைக்கிறவர், விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி) ஓட்டுகிறவர் ஆறு கோரில் தொடங்குவது நல்லது. விளையாட்டுக்காகத் தனி கிராபிக்ஸ் கார்டு போடுகிறவர் மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிராசஸருக்குக் கொடுக்காமல், மிச்சம் பிடித்ததைக் கார்டில் போட வேண்டும் என்பது என் கருத்து. ஐ5-12400எஃப், ரைசன் 5 5600 இரண்டும் நடுத்தரக் கார்டுக்குப் போதுமானவை. வீடியோ தொகுப்பவருக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை: இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் குவிக்சிங்க் என்று வீடியோவைக் குறியாக்கும் தனிப் பகுதி இருக்கிறது. எஃப் ரகத்தில் அது கிடைக்காது. சிறு தொகையை மிச்சம் பிடிக்கப் போய் அந்த வசதியை இழக்க வேண்டாம்.

எஃப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழுது என்று கடைக்கு வரும் புதுக் கணினிகளில் எந்தப் பாகமும் கெடாமலே வருபவை உண்டு. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. திறந்து பார்த்தால் எஃப் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இல்லை, மானிட்டர் கேபிள் மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகியிருக்கும். போர்டில் துளை இருப்பதால் படம் வர வேண்டும் என்று வாங்கியவர் நினைப்பது இயல்பு; ஆனால் அந்தத் துளைக்குப் படத்தை அனுப்ப வேண்டியது பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ். அது இல்லாவிட்டால் துளை வெறும் துளைதான். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் பிராசஸர் அமரும் இடம்) ஜி எழுத்து இல்லாத ரைசன் 5600, 5500 எல்லாமே இந்த வகை. ஏஎம்5-இல் ரைசன் 5 7600 முதலியவற்றில் திரையை எழுப்பும் அளவுக்குச் சிறு கிராபிக்ஸ் உண்டு, 7500எஃப்-இல் இல்லை. தனிக் கார்டு போட்டிருந்தாலும் உள் கிராபிக்ஸ் ஒரு காப்பு. கார்டு கெட்டுப்போன அன்று கணினியை ஓட்டவும், பழுது எங்கே என்று பிரித்தறியவும் அது இருந்தால் வேலை எளிது. விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் எஃப் இல்லாததையே நான் பரிந்துரைப்பேன்.

பிராசஸர் தனியாக வருவதில்லை. கூடவே ஒரு போர்டையும் ஒரு வகை ராமையும் இழுத்துக்கொண்டு வரும். எனவே விலையை ஒப்பிடும்போது மூன்றையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். ஏஎம்4-க்கு டிடிஆர்4 ராம் மட்டும். ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும். இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் இரண்டு ரகப் போர்டுகளும் உண்டு, ஆனால் ஒரு போர்டில் ஏதாவது ஒன்றுதான் பொருந்தும். ராம் விலை ஏறி இறங்கும் பொருள். பிராசஸரில் மிச்சம் பிடித்தது ராமில் போய்விட்டது என்று ஆகக்கூடாது. பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 ராம் இருந்தால் அதையே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், அந்தக் கணக்கே உங்கள் தேர்வைத் தீர்மானித்துவிடும்.

நான்கைந்து ஆண்டு கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருக்கிறதா? அப்படியானால் சாக்கெட்டின் எதிர்காலம் முக்கியம். எல்ஜிஏ1700 14-ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200 மேசைக் கணினி வரிசைக்கு எல்ஜிஏ1851 என்று வேறு சாக்கெட். 2022-இல் தொடங்கிய ஏஎம்5-ஐ 2027 வரையாவது தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. முந்தைய ஏஎம்4-இல் பி450 போர்டு வைத்திருந்தவர்கள் பயாஸை (கணினியை எழுப்பும், போர்டிலேயே உள்ள அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுப்பித்து ரைசன் 2000 வரிசையிலிருந்து 5000 வரிசைக்கு வர முடிந்தது. ஆனால் பெரும்பாலானவர்கள் வாங்கிய பிராசஸரை மாற்றாமலே கணினியின் ஆயுளை முடித்துவிடுகிறார்கள். மாற்ற மாட்டோம் என்று தெரிந்தவர் எதிர்காலத்துக்காக இன்று கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

சிப்செட் ஏன் கேட்க வேண்டும்? எச்610 போர்டில் பொதுவாக ராமுக்கு இரண்டே இடம். மின்சாரத்தைப் பக்குவப்படுத்தி பிராசஸருக்குத் தரும் விஆர்எம் பகுதியும் மலிவான போர்டுகளில் எளிமையானது, பலவற்றில் அதன்மேல் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகூட இருக்காது. ஐ5-12400-இன் அட்டைப் பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். அது அடிப்படை வேகத்துக்கான கணக்கு. முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். அவ்வப்போது இழுத்தால் எச்610 தாங்கும். மணிக்கணக்கில் வீடியோ ஏற்றுமதி செய்தால் விஆர்எம் சூடாகி, போர்டு பிராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். ஆறு கோருக்குப் பணம் கொடுத்து நான்கு கோரின் வேலையை வாங்குவதில் என்ன லாபம்? நீண்ட கனத்த வேலைக்கு பி660, பி760 வகையில் விஆர்எம் தகடு உள்ள போர்டைப் பாருங்கள். ஐ3-12100-க்கு எச்610 போதும்.

பயாஸையும் மறக்கக்கூடாது. 12-ஆம் தலைமுறைக் காலத்தில் தயாரான எச்610, பி660 போர்டில் 14-ஆம் தலைமுறையைச் செருகினால், சாக்கெட் பொருந்தும், கணினி எழாது. கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள், அல்லது பிராசஸர் இல்லாமலே யுஎஸ்பி டிரைவ் மூலம் புதுப்பிக்கும் பொத்தான் உள்ள போர்டை வாங்குங்கள்.

ராம் எத்தனை ஸ்டிக் என்ற கேள்வியை விற்பனையாளர்கள் விரும்புவதில்லை. டிடிஆர்4-3200 ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு சேனலில் 51.2 ஜிபி. 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால் பாதி அகலம் வீணாகிறது. தனிக் கார்டு இருப்பவருக்கு இது சிறு இழப்பு. 5600ஜி போன்ற உள் கிராபிக்ஸை நம்பி விளையாடுகிறவருக்கு இது பெரிய அடி, ஏனென்றால் அந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, இதே ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. அதனாலேயே அத்தகைய கணினியில் 8 ஜிபி மொத்தமாகப் போதவும் போதாது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் மெமரி பக்கத்தில் சேனல் விவரம் தெரியும். டிடிஆர்5-இல் ஒரு ஸ்டிக்கே இரண்டு 32 பிட் சேனலாக எண்ணப்படும் என்பதால், இரண்டு ஸ்டிக் இருந்தால் அங்கே நான்கு 32 பிட் என்று காட்ட வேண்டும். இரண்டு என்று காட்டினால் ஒரே ஸ்டிக்தான்.

பழைய அலுவலகக் கணினியைப் புதுப்பித்து விற்பதில் தவறில்லை, வெளிப்படையாகச் சொல்லி விற்றால். அங்கே விண்டோஸ் 11 ஏற்குமா என்பதே கோடு: இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி. ஐ5-8400-இல் ஆறு கோர் உண்டு, எழுத்து வேலைக்கு இன்றும் உதவும். தனியாகக் கழற்றி விற்கும் ரைசன் புரோ சிப்களில் சில, முதலில் இருந்த நிறுவனத்தின் போர்டோடு பூட்டப்பட்டவை. வேறு போர்டில் எழாது. மேல் தகட்டில் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று பொறித்திருந்தால் அது சோதனைக்காகத் தந்த சிப். விற்பனைக்கு உரியதே அல்ல; அதற்கு வாரண்டி கிடையாது.

வீட்டிலேயே பொருத்துகிறவர்களுக்கு: ஏஎம்4-இல் ஊசிகள் பிராசஸரின் அடியில், எல்ஜிஏ1700-இலும் ஏஎம்5-இலும் ஊசிகள் சாக்கெட்டில். எதிலும் அழுத்தித் திணிக்கக்கூடாது. முக்கோணக் குறியைச் சரியாகப் பொருத்தி வைத்தால் தானாக அமரும். ஏஎம்4-இல் கூலரை (பிராசஸரைக் குளிர்விக்கும் தகடும் விசிறியும்) நேராக மேலே இழுத்தால், இடையே பூசி இறுகிய பேஸ்ட்டோடு பிராசஸரும் பிய்த்துக்கொண்டு வந்து ஊசி வளையும். கழற்றும் முன் பத்து நிமிடம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்இணைப்பை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். இன்டெல் பெட்டியோடு வரும் கூலரின் நான்கு பின்களையும் மூலைவிட்டமாக அழுத்துங்கள், ஒவ்வொன்றிலும் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். போர்டின் பின்பக்கம் திருப்பி, நான்கு வெள்ளை நுனிகளும் விரிந்து வெளியே நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று ஏறாவிட்டாலும் தகடு ஒரு பக்கம் தூக்கி நிற்கும். 12-ஆம் தலைமுறை 100 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது கணினி நிற்காது, மெதுவாக மட்டும் ஓடும். அதனால்தான் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போகிறது. சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். அது இல்லாமல் போர்டை வாரண்டிக்கு அனுப்பினால் திருப்பிவிட வாய்ப்புண்டு.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே கணினியை ஓட்டி, டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் பெயரையும் கோர் எண்ணிக்கையையும் எல்3 கேஷையும் பாருங்கள். பிராசஸர் பெட்டியில் வந்ததா, டிரேயில் (தனிப் பெட்டி இல்லாமல் மொத்தமாக) வந்ததா என்று கேளுங்கள். டிரே சிப்புக்குக் கூலர் வராது, தயாரிப்பாளரின் நேரடி வாரண்டியும் வராது, விற்றவர்தான் பொறுப்பு. ஆகவே அது கணிசமாக மலிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ரசீதில் 'ஐ5 கம்ப்யூட்டர் ஒன்று' என்று எழுத விடாமல், பிராசஸரின் முழு எண்ணையும், பெட்டியில் வந்திருந்தால் அதன் மேலுள்ள வரிசை எண்ணையும், போர்டு மாடலையும் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர்